தொழிற்சாலைக்கும் ஓர் அடங்கல்

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழியில் கூடிக் கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து, முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. மடவையும் இறாலும் நண்டும் அங்குள்ளோர்க்குப் பயிர். கழியே அவர்களுடைய வயல். ஆற்றின் மேற்பகுதியில் எவர் எதைத் தண்ணீரில் விட்டாலும், அது கடைசியாய் வந்து சேருமிடம் இந்த முகத்துவாரந்தான். பூண்டியிலிருந்து வல்லூர் அணைக்கட்டு வரையில் ஆற்றை நம்பி வாழும் குடியானவர்கள் செய்யும் நன்மையும் தீமையும், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகள் செய்யும் நன்மையும் தீமையும், இங்கேதான் ஒன்றாய்க் கூடுகின்றன.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலை ஒட்டிப் பெருமழை பெய்தபோது மணலிப் பகுதி வெள்ளக்காடாயிற்று. அவ்வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாய் எண்ணூர்க் கழியை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளின் வேர்களிலும் எண்ணெய் படிந்தது. மீன்பிடிப்பு நின்றது. குப்பத்து ஜனங்களே படகிலேறி, கைகளாலும் வாளிகளாலும் எண்ணெயை அள்ளினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இவ்விஷயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. விசாரணை மணலியிலுள்ள பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை முக்கியமாய்ப் பற்றியதாயிருந்தது. மாநில அரசாங்கம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், பழுதுற்ற படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது.

அவ்விசாரணையில் எழுந்த கேள்விகள் எளியவை. எவ்வளவு எண்ணெய் வெளியேறிற்று? எந்த முற்றத்திலிருந்து, எந்த நாளில், எந்த வடிகால் வழியாய் வெளியேறிற்று? வெள்ளம் வருமுன் அங்கே இருப்பு எவ்வளவு? இவற்றிற்கு உடனே விடை கூற வேண்டுமாயின், வெள்ளத்திற்கு முந்தின நாள் வரையில் ஒழுங்காய் எழுதப்பட்ட கணக்கு ஒவ்வொரு முற்றத்திலும் இருந்திருக்க வேண்டும். நஷ்டமடைந்தவரிடத்திலும் அவ்வாறே. தினந்தோறும் கிடைத்த மீனின் எடையை எழுதிவைத்தவர் குப்பங்களில் சொற்பம். ஆகவே நிவாரணமும் குடும்பத்திற்கு இவ்வளவு, படகிற்கு இவ்வளவு என்ற பொது அளவில்தான் அமைந்தது. ஒவ்வொருவரும் உள்ளபடி இழந்தது எவ்வளவென்பது அதில் தோன்றாது.

இது மீனவரையும் பெரிய ஆலைகளையும் மாத்திரம் பற்றிய விஷயமென்று குடியானவர்கள் எண்ணலாகாது. பொன்னேரி, மீஞ்சூர், செங்குன்றம் பகுதிகளில் நிலமுடையவர்கள் பலர் அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, செங்கற் சூளை, குளிர்பதனக் கிடங்கு, லாரிக் கொட்டகை, டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஆகியவற்றில் பங்குடையவர்களாய் இருக்கிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பல இடங்களில் ஆலை வைத்து நடத்துகின்றன. இவையாவும் சட்டப்படி குறு, சிறு, நடுத்தரத் தொழில்களே. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரையறைப்படி, யந்திர முதலீடு 2.5 கோடி ரூபாயும் வருஷ விற்றுமுதல் 10 கோடி ரூபாயும் மிகாதது குறுந்தொழில். 25 கோடியும் 100 கோடியும் மிகாதது சிறுதொழில். 125 கோடியும் 500 கோடியும் மிகாதது நடுத்தரத் தொழில். இத்தகைய தொழில்கள் தம் நீர், எரிபொருள், கழிவு, தொழிலாளர் ஆகியவற்றைக் குறித்து வருஷந்தோறும் எழுதிக் காட்டும் கணக்கிற்கு நிலைபேற்று அறிக்கை என்று பெயர். அதன் தன்மையையும், அதை எழுதும் முறையையும், அதனால் வரும் பயனையும் இங்கே விவரிப்போம்.

நிலைபேற்று அறிக்கை என்பது யாது?

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிராமக் கணக்குகளில் அடங்கல் என்பது ஒன்று. எந்த சர்வே எண்ணில், எவர் அநுபவத்தில், எந்தப் பயிர், எந்தப் பாசனத்தில், எவ்வளவு பரப்பில் விளைந்தது என்பதை அது புலம் புலமாய்க் காட்டும். ஜூலை 1-இல் பசலி தொடங்குகிறது. வருஷ முடிவில் ஜமாபந்தியில் கணக்குகள் பரிசீலிக்கப்படுகின்றன. 1980-இல் பரம்பரைக் கர்ணம் பதவிகள் ஒழிந்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இப்பொழுது கணக்கு கணினியிலும் ஏறியிருக்கிறது. ஆயினும் அடங்கலின் மூலதர்மம் மாறவில்லை. புலத்தில் நின்று பார்த்ததையே எழுத வேண்டும். எழுதியதை மேலதிகாரி புலத்திற்கே வந்து ஒத்துப் பார்க்கக் கூடியதாய் இருக்க வேண்டும்.

நிலைபேற்று அறிக்கை தொழிற்சாலைக்கு எழுதும் அடங்கலேயாகும். பணக் கணக்கு லாப நஷ்டத்தை மாத்திரம் சொல்லும். அந்த லாபம் வருவதற்கு எவ்வளவு நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது, எவ்வளவு விறகும் நிலக்கரியும் டீசலும் எரிந்தன, என்ன கழிவு எங்கே போயிற்று, வேலை செய்தவர்களுக்குக் கூலியும் பாதுகாப்பும் எப்படி இருந்தன என்பவற்றைப் பணக் கணக்கு சொல்லாது. கிணறு வற்றினாலும் ஆறு கெட்டாலும் அந்த நஷ்டம் ஆலையின் பேரேட்டில் ஏறுவதில்லை. அடுத்த வயல்காரன் தலையிலும் முகத்துவாரத்து மீனவன் தலையிலும் ஏறுகிறது. பேரேட்டில் ஏறாத இந்தச் செலவைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே இவ்வறிக்கையின் நோக்கம்.

இவ்வழக்கம் பிறந்த வரலாறு

உலகத்தில் இவ்வழக்கம் வேரூன்றியதும் ஓர் எண்ணெய்க் கசிவினாலேயே என்பது கவனிக்கத்தக்கது. 1989 மார்ச் 24-ஆம் தேதி, எக்ஸான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையருகே பாறையில் மோதிற்று. ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதே வருஷத்தில் அமெரிக்காவில் முதலீட்டாளர் சிலரும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் ஸீரிஸ் என்ற பெயரால் ஒன்றுகூடி, கம்பெனிகள் அநுசரிக்க வேண்டிய விதிகளை வகுத்தார்கள். தம் காரியங்களின் விளைவுகளை வெளிப்படையாய் அறிவிப்பது அவற்றுள் ஒன்று. அக்கூட்டத்தாரின் முயற்சியால் 1997-இல் உலக அறிக்கை முன்முயற்சி என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டு, 2000-ஆம் வருஷத்தில் முதல் வழிகாட்டி வெளிவந்தது.

எண்ணூர்க் கரைக்கும் இவ்வித அநுபவம் புதிதன்று. 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கசிந்த அளவைப்பற்றி முதலில் சொல்லப்பட்டதற்கும், பின்னர்க் கரையில் அள்ளியெடுக்கப்பட்டதற்கும் பெருத்த வேறுபாடு இருந்தது. அளவு தெரியாதபோது ஆட்களும் கருவிகளும் குறைவாகவே அனுப்பப்படும். அதற்குள் எண்ணெய் பரவிவிடும். கணக்குப் பிழை காகிதத்தோடு நிற்பதில்லை, கரையிலும் வந்து படியும் என்பதற்கு இது தக்க சான்று.

இந்தியாவில் உள்ள விதிகள்

பங்குச் சந்தையில் பதிவான பெரிய கம்பெனிகளுக்கு, இந்தியப் பங்கு மாற்று வாரியமாகிய செபி 2021 மே மாதத்தில் ஓர் அறிக்கைப் படிவத்தை விதித்தது. அதற்கு வணிகப் பொறுப்பு மற்றும் நிலைபேற்று அறிக்கை என்று பெயர். சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23-ஆம் நிதியாண்டு முதல் இதைக் கட்டாயமாய் வெளியிட வேண்டும். மத்திய சர்க்கார் 2019-இல் வெளியிட்ட பொறுப்புள்ள வணிக நடத்தைக்கான வழிகாட்டியின் 9 கொள்கைகள் இதற்கு அடிப்படை. நேர்மை, பண்டத்தின் பாதுகாப்பு, தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல், சமுதாய வளர்ச்சி முதலியன அவற்றுள் அடங்கும். பதிவாகாத சிறிய ஸ்தாபனங்களுக்கென்று சுருக்கமான படிவம் ஒன்று வேண்டுமென, 2020-இல் வெளியான மத்திய கம்பெனி விவகார அமைச்சகக் கமிட்டியின் அறிக்கையும் யோசனை கூறிற்று.

செபியின் படிவம் சிறுதொழிலை நேராகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் சுற்றிவந்து தொடும். பெரிய கம்பெனி தன்னிடம் சரக்கு விற்போரைப்பற்றியும் தன்னிடம் வாங்குவோரைப்பற்றியும் விவரம் தரும்படி எதிர்பார்க்கப்படுகிறது. 2025 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிப்படி, முதல் 250 கம்பெனிகள் 2025-26 முதல் இதை விருப்பத்தின்பேரில் செய்யலாம். மதிப்பில் 2 சதவீதமோ அதற்கு மேலோ கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களே இக்கணக்கில் வருவார்கள். வெளிநாட்டு வியாபாரத்திலும் இதே போக்கு காணப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய வியாபாரிகள் ஒவ்வொருவரும் சிறியவர்களை வெவ்வேறு விதமாய்க் கேள்வி கேட்டுத் தொல்லைப்படுத்தாமலிருக்கும் பொருட்டு, சிறு நடுத்தரத் தொழில்களுக்கென ஒரே மாதிரியான விருப்பப் படிவம் 2025 ஜூலை 30-இல் சிபாரிசு செய்யப்பட்டது. அதில் அடிப்படைப் பகுதி, விரிவுப் பகுதி என இரண்டே பகுதிகள் உள்ளன.

இவற்றைக் காட்டிலும் குடியானவ ஆலைக்காரர்கள் முக்கியமாய் அறிய வேண்டியது வேறொன்று. புதிய பெயர்கள் வருமுன்னரே நம் நாட்டில் இவ்வகை அறிக்கை சட்டமாய் இருக்கிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986 என்பதில் 14-ஆம் விதியாக 1992-இல் இது சேர்க்கப்பட்டு, 1993-இல் சுற்றுச்சூழல் அறிக்கை எனப் பெயர் திருத்தப்பெற்றது. 1974-ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தின்படியோ, 1981-ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டத்தின்படியோ இசைவாணை பெற வேண்டிய தொழிலும், அபாயகரமான கழிவுக்கு அங்கீகாரம் பெற வேண்டிய தொழிலும், மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டிற்கு, செப்டம்பர் 30-க்குள் படிவம் 5 என்னும் அறிக்கையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அனுப்ப வேண்டும் என்பது அவ்விதி.

அப்படிவத்தின் பகுதிகளைப் பார்த்தால், அது அடங்கலுக்கு எவ்வளவு ஒத்ததென்பது விளங்கும். முதலில் உரிமையாளர் பெயர், விலாசம், உற்பத்தித் திறன். இரண்டாவது, தண்ணீரும் மூலப்பொருளும் ஓர் அலகு சரக்கிற்கு எவ்வளவு செலவாயின என்பது. முந்தின வருஷ அளவும் நடப்பு வருஷ அளவும் பக்கத்தில் பக்கமாய் எழுத வேண்டும். மூன்றாவது, நீரிலும் காற்றிலும் விட்ட மாசு. நான்காவதும் ஐந்தாவதும் அபாயகரமான கழிவும் திடக்கழிவும். அதன்பின் அவற்றின் தன்மையும் அகற்றும் முறையும், மாசு தடுக்கும் ஏற்பாட்டால் உற்பத்திச் செலவில் ஏற்பட்ட மாறுதல், இனிச் செய்யவிருக்கும் ஏற்பாடு, மற்ற விவரங்கள். இப்படிவத்தை வருஷ முடிவில் ஆலோசகர் ஒருவரிடம் கொடுத்து, சென்ற வருஷத்து எண்களையே சிறிது மாற்றி எழுதச் செய்வது வருஷக் கடமையைத் தீர்த்ததாய்த் தோன்றலாம். ஆனால் புலத்திற்குப் போகாமல் எழுதிய அடங்கல் எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவே அதுவும் பயன்படும்.

அறிக்கைக்கு வேண்டிய பதிவேடுகள்

நல்ல அறிக்கை செப்டம்பரில் எழுதப்படுவதன்று. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாள்தோறும் எழுதப்படுவது. ஒரு சிறிய ஆலைக்கு ஆறு பதிவேடுகள் போதும். கணக்கப்பிள்ளை ஒருவர் தினம் கால் மணி நேரம் செலவிட்டால் இவற்றை நடத்திவிடலாம்.

முதலாவது தண்ணீர்ப் பதிவேடு. மோட்டாருக்கு மீட்டர் இருந்தால் காலையும் மாலையும் அளவை எழுதவும். மீட்டர் இல்லாவிட்டால், 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று பார்க்கவும். 40 விநாடியில் நிரம்பினால், விநாடிக்கு 5 லிட்டர்; மணிக்கு 18,000 லிட்டர். மோட்டார் 3 மணி நேரம் ஓடினால் அன்று இறைத்தது 54,000 லிட்டர். கிணற்றின் நீர்மட்டம் கோடையில் இறங்கும்போது இறைக்கும் வேகமும் குறையுமாகையால், மாதத்திற்கு ஒரு தடவை பீப்பாய்ச் சோதனையைத் திரும்பச் செய்யவும். கிணற்றின் நீர்மட்டத்தையும், மாதம் ஒருமுறை நீரின் உப்புத்தன்மையையும் பக்கத்திலேயே குறித்து வைக்கவும்.

இது வீண்வேலையன்று. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களிலிருந்த கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நகரத்திற்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்திருப்பது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. பின்வந்த காலத்தில் குடியானவர்களில் சிலரும் தம் கிணற்று நீரை நகரத்திற்கு விற்றார்கள். இறைத்தவர் பலர், மொத்தம் எவ்வளவு இறைக்கிறோம் என்று தத்தம் கிணற்றடியில் எழுதிவைத்தவர் சிலர். உப்பேறிய கிணறு ஒரு தலைமுறையில் திரும்புவது அரிது.

இரண்டாவது, எரிபொருள், மின்சாரப் பதிவேடு. மூன்றாவது, சரக்குப் பதிவேடு. உள்ளே வந்த மூலப்பொருளின் எடையும், வெளியே போன ஒவ்வொன்றின் எடையும் இதில் இருக்க வேண்டும். நான்காவது, கழிவுப் பதிவேடு. ஐந்தாவது, ஆட்களின் பதிவேடு. இதில் பெண், ஆண் எண்ணிக்கை, கூலி, வேலை நேரம், வைப்பு நிதி, ஏற்பட்ட காயங்கள் ஆகியவை இருக்கும். ஆறாவது, விபத்துப் பதிவேடு. வெள்ளம், தீ, கசிவு, குழாய் உடைப்பு ஆகியவற்றை நேர்ந்த நாளிலேயே மணியோடு இதில் எழுத வேண்டும்.

வரவும் செலவும் ஒத்துப் பார்த்தல்

பதிவேடுகளின் உண்மை, ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப் பார்ப்பதில் இருக்கிறது. பத்தாயத்து நெல்லைக் கணக்குப் பார்ப்பதுபோலவே வரவு, செலவு, இருப்பு மூன்றும் சரிவர வேண்டும்.

அரிசி ஆலை ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். 100 டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 டன் உமி கிடைக்கும். அந்த உமியைக் கொதிகலனில் எரித்தால், அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 டன் அளவு சாம்பல் மிஞ்சும். பதிவேட்டில் செங்கற் சூளைக்காரர் ஏற்றிச் சென்றது 1 டன் என்று மாத்திரம் இருந்தால், மற்ற 3 டன் எங்கே? ஒன்று ஆலையின் பின்புறத்தில் குவிந்திருக்க வேண்டும். அல்லது காற்றில் பறந்து அடுத்த வயலில் விழுந்திருக்க வேண்டும். அல்லது மழையில் கரைந்து ஓடைக்குப் போயிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ரசாயன சாலை வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் போதும். இக்கணக்கே பெரிய அளவிலும் செல்லும். நூற்றுக்கு 35 பங்கு சாம்பலுள்ள நிலக்கரி 100 டன் எரிந்தால் 35 டன் சாம்பல் எங்கேயாவது இருந்தே தீர வேண்டும். வட சென்னை அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் உடைந்து கழியில் சாம்பல் படிந்ததைப்பற்றிக் காட்டுக்குப்பம் முதலிய ஊரார் நெடுங்காலமாய் முறையிட்டு வந்ததன் கருத்தும் இதுவே.

லாரிக் கொட்டகைக்கும் டிராக்டர் பட்டறைக்கும் இதே விதி. வருஷத்தில் 200 லிட்டர் புது எந்திர எண்ணெய் வாங்கி, 120 லிட்டர் பழைய எண்ணெயே சேகரமாகியிருந்தால், நடுவிலுள்ள 80 லிட்டருக்குச் சமாதானம் வேண்டும். எந்திரத்தில் எரிந்தது ஒரு பங்கு. மண்ணில் சிந்தியது ஒரு பங்கு. பழைய எண்ணெய், 2016-ஆம் வருஷத்து அபாயகரமான கழிவு விதிகளின்படி அபாயகரமான கழிவாகும். அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே அதைக் கொடுத்து, ரசீது வாங்கி வைக்க வேண்டும். கரையான் வாராமலிருக்க மரத்தில் பூசுவதும், புழுதி அடங்கத் தரையில் தெளிப்பதும் விட்டொழிக்க வேண்டிய வழக்கங்கள். மழைக்காலத்திற்குமுன் பீப்பாய்களை உயரமான மேடையில், சுற்றிலும் கரை கட்டி வைக்கவும். ஒரு கொட்டகையிலிருந்து போவது சில லிட்டரே. ஆயிரம் கொட்டகைகளின் சில லிட்டர்கள் ஒரே வெள்ளத்தில் கூடி முகத்துவாரத்தை அடைகின்றன.

கரிவாயுக் கணக்கு

பெரிய வியாபாரிகள் இப்பொழுது அடிக்கடி கேட்பது கரிவாயுக் கணக்கு. பெயர் பெரிதாயினும் கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டிற்கு, மின் நிலையத்தில் ஏறத்தாழ 0.7 கிலோ உண்டாகிறது. வருஷத்தில் 1,000 டன் நெல் அரைக்கும் ஆலை ஒன்று 30,000 யூனிட் மின்சாரமும் 500 லிட்டர் டீசலும் செலவிடுவதாய் வைத்துக்கொள்வோம். மின்சாரத்திற்கு 21,000 கிலோ. டீசலுக்கு 1,340 கிலோ. ஆக 22,340 கிலோ. கிடைத்த அரிசி 660 டன் ஆனால், ஒரு டன் அரிசிக்கு ஏறத்தாழ 34 கிலோ. உமியை எரிப்பதால் வருவது பயிர் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதாகையால், அதை இத்தொகையில் சேர்க்காமல் தனியாய்க் காட்டுவது வழக்கம்.

ஒரு வருஷத்து எண்ணால் பெரும் பயனில்லை. அடுத்த வருஷம் 34 என்பது 38 ஆனால், மோட்டார் பழுதா, பெல்ட் தளர்ந்ததா, மின்தடையால் டீசல் எந்திரம் அதிகம் ஓடிற்றா என்று தேட வழி பிறக்கும். காரணம் தெரிந்தால் பணச் செலவும் குறையும். இவ்வறிக்கையால் ஆலைக்காரருக்கு உடனடியாய்க் கிடைக்கும் லாபம் இதுவே.

பயனும் உதவியும்

கணக்குள்ள ஆலைக்கு வேறு அநுகூலங்களும் உண்டு. பாங்கியில் கடன் கேட்கும்போதும், ஏற்றுமதி வியாபாரி விவரம் கேட்கும்போதும் பதிவேட்டை எடுத்துக் காட்டலாம். மத்திய சர்க்கார் 2022 ஏப்ரலில், சரக்கில் குறையுமின்றிச் சூழலுக்குத் தீங்குமின்றி உற்பத்தி செய்யும் சிறுதொழில்களுக்கான ஸெட் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கிற்று. வெண்கலம், வெள்ளி, தங்கம் என அதில் மூன்று படிகள். சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதமும், சிறுதொழிலுக்கு 60 சதவீதமும், நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதமும் மானியமாக வகுக்கப்பட்டது. மேற்சொன்ன ஆறு பதிவேடுகளும் உள்ளவர்க்கு முதற்படி கடினமாயிராது.

எல்லாவற்றிலும் பெரிய பயன் ஆபத்துக் காலத்தில் விளங்கும். வெள்ளம் வடிந்தபின் அதிகாரிகள் வந்து விசாரிக்கும்போது, கணக்கில்லாதவன் குற்றமற்றவனாயினும் அதை நிரூபிக்க வகையறியான். முந்தின மாலை வரையில் இருப்பும், வடிகால் மூடப்பட்ட நேரமும் எழுதி வைத்திருப்பவன் அஞ்ச வேண்டியதில்லை. தன் முற்றத்திலிருந்து சிந்தியிருந்தாலும், அளவை உடனே சொல்பவனால் கீழுள்ள குப்பத்திற்கு எச்சரிக்கை செய்ய முடியும். சில மணி நேரம் முந்தித் தெரிந்தால் படகுகளையும் வலைகளையும் கரையேற்றிக் காப்பாற்றலாம்.

அறிக்கையின் எல்லை

அறிக்கை எழுதிய மாத்திரத்தில் ஆறு சுத்தமாகாது. அழகிய படங்களோடும், மரம் நட்ட விழாக்களின் வர்ணனையோடும் அச்சாகி, தண்ணீர்க் கணக்கை இரண்டு வரியில் முடிக்கும் அறிக்கைகளும் உண்டு. ஒரு கம்பெனியின் எல்லா ஆலைகளையும் சேர்த்து வருஷ சராசரியாய்க் காட்டும் எண், எண்ணூர்க் கழியில் டிசம்பர் மாதத்தில் நடப்பதை மறைத்துவிடவும் கூடும். மீன் சராசரியில் வாழ்வதில்லை. அன்றைய நீரில் வாழ்கிறது. ஆதலால் இடத்தையும் நாளையும் சொல்லாத அறிக்கையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சிறுதொழிலுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே வடிகால். அதன் கணக்கு பெரிய கம்பெனியின் கணக்கைவிட உண்மைக்கு நெருங்கியதாய் இருக்க முடியும்.

குறையை மறைக்காமல் எழுதுவதே நலம். அடங்கலில் சாவி என்று எழுதினால்தான் வஜா கேட்க முடியும். நல்ல விளைச்சல் என்று எழுதிவிட்டுப் பின்னர் நிவாரணம் கேட்டால் எவர் நம்புவர்?

கிராம உத்தியோகஸ்தர் செய்யக் கூடியவை

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் பெரிதும் உதவலாம். ஊரிலுள்ள ஆலைகளும் பட்டறைகளும் எவை, எவற்றிற்கு இசைவாணை உண்டு, அவற்றின் வடிகால் எந்த ஓடையில் விழுகிறது என்பதை ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கலாம். கிராம சபையில் ஆலைக்காரர்களை அழைத்து, அவ்வருஷத்துத் தண்ணீர்க் கணக்கையும் கழிவுக் கணக்கையும் வாசிக்கும்படி கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குமுன், புரட்டாசியிலேயே எண்ணெய்ப் பீப்பாய்களும் சாம்பற் குவியல்களும் இருக்குமிடங்களைப் பார்வையிட்டு வரலாம். மீனவர் சங்கங்களிடம் நாள்தோறும் பாட்டின் எடையை எழுதிவைக்கும்படி எடுத்துச் சொல்லலாம். இழப்பு நேர்ந்தால் அதுவே அவர்களுடைய அடங்கல்.

ஆலை வைத்துள்ள குடியானவர்கள் வருகிற ஏப்ரல் முதல் தேதிக்குக் காத்திராமல், இந்த மாதத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தண்ணீர்ப் பதிவேட்டை முதலாவதாய்த் தொடங்கவும். அது ஒரு மாதம் பழகியபின் எரிபொருள், சரக்கு, கழிவு என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக்கொள்ளலாம். ஓராண்டு கணக்கு கையில் இருந்தால் செப்டம்பரில் அனுப்ப வேண்டிய அறிக்கை ஒரு பிற்பகல் வேலையாய் முடியும். மேட்டில் இருப்பவர் விடும் நீரையே பள்ளத்தில் இருப்பவர் குடிக்கிறார். ஆற்றின் மேலே ஆலை வைத்திருப்பவர் தாம் எடுத்ததையும் விட்டதையும் உள்ளபடி எழுதிவைப்பது, முகத்துவாரத்தில் வாழ்பவருக்குச் செய்ய வேண்டிய முதற் கடமையாகும்.